சம்பந்தி ஏறினால் நிற்கும் வண்டி

எனக்கு டிரைவிங் லைசென்ஸ் கிடைத்தபோது வயசு நாற்பத்தொன்பது. ஆசைப்பட்டு வாங்கியது இல்லை. என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை கண்ணில் ஏறி, லேசர் வைத்து, இனி ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உத்திரமேரூர் பக்கத்தில் எங்களுக்கு இரண்டரை ஏக்கர். ஒரு ஏக்கரில் நெல், மீதியில் கத்திரியும் வெண்டையும் கொத்தவரையும். பறித்த காயை விடிந்ததும் காஞ்சிபுரம் மார்க்கெட்டில் இறக்கியாக வேண்டும். ஒரு டிரைவரை வைத்துப் பார்த்தோம். அவர் நிதானமாக நாஷ்டா முடித்துவிட்டு வருவார். அதற்குள் மார்க்கெட்டே முடிந்துபோகும். சரி, நானே ஓட்டுகிறேன் என்றேன். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. ஆனால் அன்றைக்குச் சாப்பிடும்போது அவருக்கு இரண்டு தடவை புரையேறியது.

வண்டி ஒரு பழைய வெள்ளை வேன். பதினேழு வயசு ஆனது, எங்களுக்கு முன்னால் இரண்டு பேரிடம் இருந்தது. முன்னால் இரண்டு சீட். பின்சீட்டைக் கழற்றிவிட்டால் காய் போடும் பிளாஸ்டிக் கிரேடுகள் பன்னிரண்டு அடுக்கலாம். கல்யாணம், காதுகுத்து என்றால் நாலு போல்ட்டைப் போட்டுப் பின்சீட்டை மறுபடி மாட்டிக்கொள்வோம். இன்ஜின் நம் சீட்டுக்கு அடியிலேயே இருக்கும். சித்திரை மாசத்தில் அதை ஓட்டுவது அடுப்பு மேல் உட்கார்ந்து ஊருக்குப் போவது மாதிரி. பேட்டரி இடதுபக்க முன்சீட்டுக்கு அடியில். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது வீட்டுக்காரர்தான். சொன்னதோடு சரி, நான் அந்தச் சீட்டை ஒருநாளும் தூக்கிப் பார்த்ததில்லை.

தினமும் என்னோடு மார்க்கெட்டுக்கு வருகிறவள் எங்கள் நிலத்தில் பதினைந்து வருஷமாக வேலை செய்கிறவள். ஊர்க்கோடியில் சர்ச்சுத் தெருவில் வீடு. என்னைவிட நாலு வயசு சின்னவள், என்னை அக்கா என்பாள். கூலி ஆள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, கூட்டாளி என்றே எழுதுகிறேன். ஆள் ரொம்ப ஒல்லி. ஈரச் சேலையோடு நிறுத்தால் நாற்பத்தைந்து கிலோ தேறலாம். காலையில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் கண்ணை மூடி "ஸ்தோத்திரம்" என்பாள். நான் கண்ணாடியில் ஒட்டியிருக்கிற பிள்ளையாரைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுச் சாவியைத் திருப்புவேன். வண்டி கிளம்பும். மழையில் கிளம்பியது, மார்கழிப் பனியில் கிளம்பியது, ஒருமுறை ஏரிக்கரையில் பாதிச் சக்கரம் சேற்றில் புதைந்திருந்தபோதும் கிளம்பியது. இரண்டு வருஷம் எனக்கு அந்த வண்டியால் ஒரு பேஜாரும் இல்லை.

அப்புறம் என் மகளை ராஜகுளத்தில் கட்டிக் கொடுத்தோம்.

மாப்பிள்ளை அமைதியானவர், அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. சம்பந்தியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். பஸ் டிப்போ ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். மனைவி தவறி ஆறு வருஷம். நல்ல உயரம், அதற்கேற்ற அகலம். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை இல்லாமல் தெருவில் இறங்க மாட்டார். கோபமாக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. என் மகளுக்குக் காய்ச்சல் என்றால் கஷாயம் அவர்தான் வைப்பார். ஒரே ஒரு பழக்கம் உண்டு. எந்த வண்டி சத்தம் கேட்டாலும் தலையைச் சாய்த்துக் கேட்டு, அதற்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவார். கல்யாணத்தன்று நாதஸ்வரம் வாசிக்கும்போதே மண்டபத்து ஜெனரேட்டருக்கு நாசில் மாற்ற வேண்டும் என்று என் வீட்டுக்காரர் காதில் சொன்னார். அன்றையிலிருந்து என் வீட்டுக்காரருக்குச் சம்பந்தி மேல் ஒரே பக்தி.

முதல் தடவை நடந்தது ஆடி மாசம். எங்கள் ஊர் அம்மன் ஜாத்திரைக்கு அழைக்க ராஜகுளம் போயிருந்தோம். சம்பந்தி அப்போதே எங்களோடு புறப்பட்டார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினார். வீட்டுக்காரர் பின்னால் உட்கார்ந்தார். நான் பிள்ளையாரைத் தொட்டுச் சாவியைத் திருப்பினேன். டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி திருப்பினேன். டக். டேஷ்போர்டில் விளக்கு எரிகிறது, ஹாரன் அடிக்கிறது. ஆனால் வண்டிக்கு எழுந்திருக்க மனசில்லை.

சம்பந்தி தலையைச் சாய்த்தார். இன்னொரு தடவை திருப்பச் சொன்னார். கேட்டார்.

"செல்ஃப் மோட்டார் போய்ட்சிம்மா" என்றார், சாவி திருப்பினால் இன்ஜினைச் சுழற்றிவிடுகிற மோட்டாரைச் சொல்லி. "சத்தமே சொல்லுதே."

புதுச் சம்பந்தியைத் தள்ளு என்று யார் சொல்வது? அவரே இறங்கினார். அவரும் மாப்பிள்ளையும் தள்ள, நான் செகண்ட் கியரில் போட்டு கிளட்சை விட, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பியது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் அவர் மறுபடி ஏறினார். உத்திரமேரூர் வரைக்கும் ஒரு இருமல்கூட இல்லை.

மறுநாள் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். உத்திரமேரூரில் ஒரு புங்கமரத்தடியில் அவருடைய ஷெட். ஒரு வார்த்தையில் முடியும் என்றால் இரண்டாவது வார்த்தை பேச மாட்டார். சாவியை வாங்கித் திருப்பினார். கிளம்பியது. நிறுத்தினார், திருப்பினார், கிளம்பியது. பத்து தடவை செய்துவிட்டுச் சாவியை என் கையில் கொடுத்தார்.

"நல்லாத்தானேம்மா கீது."

நேற்று நின்றது என்றேன். நிற்கும்போது கொண்டாருங்கள் என்றார். நிற்கும்போது எப்படிக் கொண்டுவருவது என்று கேட்க நினைத்தேன். அவர் அதற்குள் அடுத்த வண்டிக்கு அடியில் போய்விட்டார். ராத்திரியெல்லாம் வாந்தி எடுத்த குழந்தை டாக்டரைக் கண்டதும் ஓடி விளையாடினால் பெற்றவளுக்கு எப்படி இருக்கும், அப்படி இருந்தது எனக்கு.

வீட்டுக்காரர் விடவில்லை. சம்பந்தி செல்ஃப் மோட்டார் என்று சொன்ன பிறகு அது செல்ஃப் மோட்டார்தான். போய் மெக்கானிக்கிடம் சண்டை பிடிக்காத குறையாக நின்று மாற்றச் சொன்னார். மெக்கானிக் மாற்றினார். பழைய மோட்டாரை ஒரு சாக்கில் சுற்றிக் கொடுத்து, "இதுவும் நல்லாத்தான் கீது, பத்திரமா வெச்சிக்கோங்க" என்றார்.

அதற்கப்புறம் ஒன்றரை மாசம் வண்டி தங்கமாக ஓடியது. வீட்டுக்காரர் ஊரெல்லாம் சம்பந்தி புகழ் பாடினார். புரட்டாசியில் கூரம் கோயிலுக்குப் போகலாம் என்று சம்பந்தி கேட்டார். ராஜகுளம் போய் அவரை ஏற்றிக்கொண்டேன். அவர் வீட்டு வாசலிலேயே வண்டி கிளம்பவில்லை. டக்.

இந்த முறை அவர் என்னை நாலு தடவை திருப்பச் சொல்லிக் கேட்டார். பிறகு இது வேறு டக் என்றார். முதல் தடவை கேட்டது கனமான டக், இது லேசான டக், அதனால் பேட்டரி என்றார். எனக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்டது. அவர் இறங்கிச் சீட்டைத் தூக்கி, ஒரு பல்பையும் ஒயரையும் பேட்டரியில் வைத்துப் பார்த்தார். பல்பு பளிச்சென்று எரிந்தது. பல்பு எரிவதை நம்ப முடியாது என்றார். தள்ளினோம். கிளம்பியது. அடுத்த வாரம் பேட்டரி மாற்றினோம்.

ஐப்பசியில் மூன்றாவது தடவை. ராஜகுளத்தில் நான் ஓடவிட்டு வைத்திருந்த வண்டியில் சம்பந்தி முன்னாலும் மாப்பிள்ளை பின்னாலும் வந்து ஏறினார்கள். அந்த முறை நின்றது ஓரிக்கை தாண்டி, பாலாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம். டீ குடிக்க நிறுத்தினோம். டீ குடித்துவிட்டு ஏறினோம். டக். இதுதான் சமயம் என்று நான் மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். நின்றுகொண்டிருக்கிறது, சீக்கிரம் வாங்க, யாரும் எதையும் தொட மாட்டோம் என்றேன். பாவம், அவர் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு உத்திரமேரூரிலிருந்து பைக்கில் வந்தார். அதுவரை நாங்கள் நாலு பேரும் வண்டியிலேயே ஆடாமல் உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்காரர் தும்மலைக்கூட அடக்கினார். பைக் வந்து நின்றதும் சம்பந்தி, ஒரு தொழில்காரர் இன்னொரு தொழில்காரருக்குத் தர வேண்டிய மரியாதை என்று, இறங்கிப்போய் அவருக்குக் கை கொடுத்தார். மெக்கானிக் வந்து என் பக்கமாகக் கையை நீட்டிச் சாவியைத் திருப்பினார்.

கிளம்பியது.

அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. பைக்கைத் திருப்பிக்கொண்டு போனார். சம்பந்தி இக்னிஷன் சுவிட்ச் என்றார். அதையும் மாற்றினோம். மாற்றும்போது மெக்கானிக் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

இதற்குள் விஷயம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டம்மா சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றச் சொன்னாள். ஏற்றினேன். வீட்டுக்காரரின் தம்பி வண்டியை வடக்குப் பார்த்து நிறுத்தக்கூடாது என்றார். அதையும் கேட்டேன். என் கூட்டாளி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஏறும் நாட்களில் வண்டி நின்றதே இல்லை. அதற்குத் தன்னுடைய ஸ்தோத்திரம்தான் காரணம் என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு எண்ணம். எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் தோன்றியது. ஒருநாள் அவள் இல்லாத நேரத்தில், யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, நானே மெதுவாக ஒரு ஸ்தோத்திரம் சொல்லிச் சாவியைத் திருப்பினேன். கிளம்பியது. ஆனால் அன்றைக்குச் சொல்லாமல் இருந்தாலும் கிளம்பியிருக்கும்.

நாலாவது தடவை கார்த்திகையில். அன்றைக்கு மார்க்கெட்டில் காய் இறக்கிவிட்டு, மகளைப் பார்த்து வரலாம் என்று அப்படியே ராஜகுளம் போனோம், நானும் கூட்டாளியும். மகள் முழுகாமல் இருந்த சமயம். திரும்பும்போது சம்பந்தி காஞ்சிபுரம் வரைக்கும் வருகிறேன் என்றார். கூட்டாளி முன்சீட்டை அவருக்கு விட்டுவிட்டுப் பின்னால் போய்க் காலி கிரேடு மேல் உட்கார்ந்தாள். அவளே வண்டியில் இருக்கிறாள், ஸ்தோத்திரமும் சொன்னாள். இருந்தும் டக்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சம்பந்தி இந்த முறை நோய் எதுவும் சொல்லவில்லை. தலையையும் சாய்க்கவில்லை. கதவைத் திறந்து இறங்கி, "நான் பஸ்ல போய்க்கிறேம்மா, நீங்க கெளம்புங்க" என்று சொல்லிவிட்டு விறுவிறு என்று நடந்துவிட்டார். நான் சாவியைத் திருப்பினேன். கிளம்பியது. அவரைக் கூப்பிடலாம் என்று பார்த்தால் ஆள் திருப்பத்தில் மறைந்துவிட்டார்.

காஞ்சிபுரம் தாண்டினோம். முன்சீட்டுக்கு மாறி உட்கார்ந்திருந்த கூட்டாளி, பாலாற்றுப் பாலத்தில் போகும்போது சொன்னாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டியே. அந்தப் பெரியவரு குந்துனாத்தான் வண்டி படுத்துக்குது."

நான் வண்டியை ஓரம் கட்டினேன். ஜாத்திரைக்கு அழைக்கப் போனது, கூரம் போனது, டீக்கடை, இன்றைக்கு. நாலு தடவையும் யார் இடதுபக்கம் உட்கார்ந்திருந்தது என்று விரல் விட்டு எண்ணினேன். மெக்கானிக் வந்தபோது அவர் இறங்கிப்போய்க் கை கொடுத்ததும் ஞாபகம் வந்தது. தள்ளிக் கிளப்பிய ஒவ்வொரு தடவையும் அவர் கீழே நின்றுதான் தள்ளினார் என்பதும். எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே பயமும் வந்தது. இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது? மகளைக் கொடுத்த இடம்.

முதலில் நிஜமா என்று பார்ப்போம் என்றாள் கூட்டாளி. வீட்டுக்கு வந்தோம். புது அரிசி அரைத்துக் கட்டிய இருபத்தைந்து கிலோ சிப்பங்கள் கூடத்தில் அடுக்கியிருந்தன. நானும் அவளும் ஒரு சிப்பத்தைத் தூக்கி வந்து முன்சீட்டில் வைத்தோம். சாவியைத் திருப்பினேன், கிளம்பியது. நிறுத்தினேன். இரண்டாவது சிப்பம். கிளம்பியது. மூன்றாவது சிப்பத்தைத் தூக்கும்போது வீட்டுக்காரர் வாசலுக்கு வந்தார். அவருக்குத் தூரத்துப் பார்வை கலங்கலாகத்தான் தெரியும். முன்சீட்டில் யார் உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டார். யாரும் இல்லை, அரிசி என்றேன். அரிசி எதற்கு முன்சீட்டில் என்றார். நான் சாவியைத் திருப்பினேன். மூன்றுக்கும் கிளம்பியது.

நாலாவது சிப்பம் மேலே நிற்காமல் சரிந்தது. கூட்டாளி அதை நிறுத்தி, சாயாமல் வெளியிலிருந்து கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டாள். திருப்பினேன்.

டக்.

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நாலாவதை இறக்கினோம். கிளம்பியது. ஏற்றினோம். டக். இப்படி நாலைந்து தடவை. வேர்த்துக் கொட்டியது. அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, "பாத்தியாக்கா, சரியா நூறு கிலோ" என்றாள். வீட்டுக்காரருக்கு விஷயம் புரிந்தபோது அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். முதல் வார்த்தையாக அவர் சொன்னது, சம்பந்திக்கு இது தெரியவே கூடாது என்பதுதான்.

மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். வர மாட்டேன் என்றார். நூறு கிலோ அரிசியை முன்சீட்டில் வைத்தால் வண்டி நிற்கிறது என்றேன். எத்தனை கிலோ என்று மறுபடி கேட்டார். பிறகு பத்து நிமிஷத்தில் வருகிறேன் என்றார்.

வந்தார். அரிசியைப் பார்த்தார். சாவியைத் திருப்பினார். டக். அவர் முகத்தில் சிரிப்பை அன்றைக்குத்தான் பார்த்தேன். இன்னொரு தடவை திருப்பி, அதே டக்கை ஆசையாகக் கேட்டார். அரிசியை இறக்கினால் கோளாறு ஓடிப் போய்விடும், அதனால் இறக்காமல் தரையில் மல்லாந்து படுத்து, டார்ச் அடித்துச் சீட்டுக்கு அடியில் பார்த்தார். கூட்டாளியை ஒரு சிப்பத்தை மெதுவாகத் தூக்கச் சொன்னார், வைக்கச் சொன்னார், தூக்கச் சொன்னார்.

"எர்த் ஒயரும்மா" என்றார் கீழேயிருந்து.

வெளியே வந்து காட்டினார். பேட்டரியிலிருந்து வண்டி உடம்புக்குப் போகிற தடித்த ஒயர். சீட்டின் அடித் தகடு பதினேழு வருஷத்தில் தொய்ந்துபோய், பாரம் ஏறினால் அந்த ஒயரை அமுக்குகிறது. ரப்பரைக் கத்தியால் சீவினார். உள்ளே செம்புக் கம்பிகள் முக்கால்வாசி அறுந்து, பச்சைக் களிம்பு பூத்து, மிச்சம் நாலைந்து கம்பிதான் பிடித்துக்கொண்டிருந்தன. பாரம் இல்லாவிட்டால் அறுந்த முனைகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொள்ளும், வண்டி கிளம்பும். யாராவது கனமாக உட்கார்ந்தால் விலகிவிடும். மிச்சக் கம்பியில் விளக்கு எரியும், ஹாரன் அடிக்கும், செல்ஃபைச் சுற்றத் தெம்பு போதாது. வண்டி ஓட ஆரம்பித்துவிட்டால் அப்புறம் யார் உட்கார்ந்தாலும் கவலையில்லை. மேலே ரப்பர் முழுசாக இருந்ததால் பேட்டரி மாற்றும்போது அவர் கண்ணிலும் படவில்லை. அதை அவரே சொல்லி, தலையைச் சொறிந்துகொண்டார்.

புது ஒயர் போட்டு, அது நசுங்காதபடி வேறு வழியாக இழுத்துக் கட்டி, சீட்டுக்கு அடியில் ஒரு இரும்புப் பட்டையும் வெல்டிங் வைத்துக் கொடுத்தார். நாலு சிப்பம் ஏற்றினோம். கிளம்பியது. கூட்டாளி நாலு சிப்பத்துக்கு மேல் தானும் ஏறி உட்கார்ந்தாள், தலை கூரையில் இடித்தது. அப்போதும் கிளம்பியது.

வண்டி சரியாகிவிட்டது. இனிச் சம்பந்தி ஏறினாலும் நிற்காது, அவருக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை, மூடி மறைத்துவிடலாம் என்று நானும் வீட்டுக்காரரும் முடிவு செய்துகொண்டோம்.

தை பிறந்தது. மகளுக்கு ஏழாம் மாசம், வளைகாப்பு வைத்தோம். பின்சீட்டை மாட்டி, தட்டு வரிசையெல்லாம் ஏற்றிக்கொண்டு ராஜகுளம் போனோம். வளையல் அடுக்கி, சாப்பாடு முடிந்து, மகளை எங்கள் வீட்டுக்கு அழைத்துப் போகிற நேரம். சம்பந்தியும் கூட வந்து விட்டுவிட்டு வர வேண்டும், அதுதான் முறை. அவர் வரவில்லை. முட்டி வலிக்கிறது என்றார். சரி மெதுவாக ஏறுங்கள் என்றால் வீட்டில் தண்ணீர் மோட்டார் பார்க்க ஆள் வருகிறது என்றார். அதுவும் நாளைக்குத்தான் என்று மாப்பிள்ளை எடுத்துக் கொடுத்ததும், பஸ்ஸில் பின்னாலேயே வந்துவிடுகிறேன் என்றார்.

மகள் என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு கையிலும் வளையல் கலகலவென்று சத்தம் போட்டது, அதைப் பிடித்துக்கொண்டு ரகசியம் பேசினாள். மாமா இரண்டு மாசமாக இப்படித்தான் இருக்கிறார் என்றாள். யார் வண்டியிலும் ஏறுவதில்லை. பக்கத்து வீட்டில் புது ஆட்டோ வாங்கி, பெரியவர் முதலில் ஏறி உட்காரட்டும் என்று கூப்பிட்டதற்கும் போகவில்லை. தன் ராசி கெட்டுப்போய்விட்டது, தான் ஏறினால் வண்டி நிற்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். மனைவி போன பிறகு அவர் ஏறிய பஸ் மூன்று தடவை வழியில் நின்றிருக்கிறது. அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார். முப்பது வருஷம் நின்றுபோன வண்டியெல்லாம் ஓட வைத்த கை என்று பேரெடுத்தவர். வளைகாப்புப் பெண்ணை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி தன்னால் நடுரோட்டில் நின்றால் என்ன ஆவது என்று ராத்திரி தூங்கவே இல்லையாம்.

நான் திகைத்துப் போனேன். நாங்கள் அவருக்குத் தெரியாமல் மறைத்து வைத்ததாக நினைத்த விஷயம் அவருக்குத்தான் முதலில் தெரிந்திருக்கிறது. காரணம்தான் தெரியவில்லை. அது தெரியாததால் மனுஷன் உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

கூடத்துக்கு வந்தேன். உறவுக்காரர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்ததும், கண் கலங்கலாகத் தெரிந்தாலும் நான் என்ன செய்யப்போகிறேன் என்று மட்டும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது. இருமினார். நான் சம்பந்தி எதிரில் போய் நின்றேன்.

"அண்ணா, ராசி எல்லாம் ஒண்ணும் இல்ல. எடைதான்" என்றேன்.

வீட்டுக்காரர் இருமலை நிறுத்திவிட்டார். ஆரம்பித்தாயிற்று, இனி நிறுத்த முடியாது என்று நான் அரிசிச் சிப்பம், எர்த் ஒயர், களிம்பு, தொய்ந்த தகடு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். அந்தச் சாய்ப்பை நான் பார்த்து எவ்வளவு நாளாகிவிட்டது என்று தோன்றியது.

"மூணு சிப்பத்துக்கு ஸ்டார்ட் ஆச்சா?"

"ஆச்சுண்ணா."

"நாலுக்கு?"

"டக்குன்னுச்சு."

"நான் நூத்தி நாலு" என்றார். எங்கேயோ தொலைத்த பொருள் கைக்குக் கிடைத்தது மாதிரி அதைச் சொன்னார். பிறகு எர்த் ஒயர் என்று தனக்குத்தானே இரண்டு தடவை சொல்லிக்கொண்டார். கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறை. டிப்போவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவனுக்கு முதல் நாள் சொல்லிக் கொடுக்கிற பாடமே எர்த்தைப் பார் என்பதுதானாம். தான் பார்க்காமல் விட்டதற்குக் காரணம், பார்ப்பதற்காக இறங்கியபோதெல்லாம் கோளாறும் கூடவே இறங்கிவிட்டது என்றார். சொல்லிவிட்டு அவர்தான் முதலில் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். அப்புறம்தான் மற்றவர்களுக்கு மூச்சு வந்தது.

உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். வேட்டியைத் தூக்கிப் பிடித்து முன்சீட்டில் ஏறி, நன்றாக அழுத்தி உட்கார்ந்தார். சாவியைப் போடச் சொன்னார். கிளம்பியது. நிறுத்தச் சொன்னார். இறங்கி, மறுபடி ஏறி உட்கார்ந்தார். கிளம்பியது. ஐந்தாவது தடவை அவர் இறங்கும்போது பின்சீட்டிலிருந்து என் மகள், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரிடம் அதிர்ந்து பேசாதவள், மாமா நான் இறங்கி நடந்தே போய்விடட்டுமா என்று கேட்டாள். அப்புறம்தான் புறப்பட்டோம்.

ஓரிக்கை தாண்டும்போது அவர் மெதுவாக என்னிடம், அப்படியானால் வழியில் நின்ற அந்த மூன்று பஸ்கள் என்று இழுத்தார். பஸ்ஸில் அறுபது பேர் இருந்திருப்பார்கள், நூற்றிநாலு கிலோவுக்கெல்லாம் அது கவலைப்படாது என்றேன். அவர் யோசித்துவிட்டு, ஒன்று பஞ்சர், ஒன்று டீசல் இல்லை, மூன்றாவதுதான் என்னவென்று தெரியவில்லை என்றார். அதை எப்படி விட்டுவிடுவது என்பது போல அரை கிலோமீட்டர் தூரம் விரலால் தொடையைத் தட்டிக்கொண்டே வந்தார்.

அடுத்த வாரமே அவர் இரண்டு பஸ் மாறி உத்திரமேரூர் வந்து மெக்கானிக்கைப் பார்த்திருக்கிறார். மூன்று பாகத்தை வீணாக மாற்ற வைத்ததற்கு வருத்தம் தெரிவித்திருக்கிறார். மெக்கானிக் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். புது ஒயர் இன்னும் கொஞ்சம் தடிமனாகப் போட்டிருக்கலாம் என்று சம்பந்தி சொல்ல, அதில் இரண்டு பேருக்கும் வாக்குவாதம் ஆகி, சாயங்காலம் வரைக்கும் பேசிக்கொண்டிருந்தார்களாம். அந்த மெக்கானிக் அவ்வளவு பேசினார் என்பதை நான் இன்னும் நம்பவில்லை.

பேத்திக்குப் பேர் வைக்கும் விழா எங்கள் வீட்டில் நடந்தது. சம்பந்தி வருகிறவர்களிடமெல்லாம் அரிசி கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். மத்தியானத்துக்குள் நாலு சிப்பம் ஆறு சிப்பமாகிவிட்டது. கூட்டாளி பந்தியில் தண்ணீர் வைத்துக்கொண்டு போனபோது அவளை நிறுத்தி, இத்தனை பேர் இருந்தோம், உனக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று கேட்டார்.

"நீங்க எல்லாம் முன்னாடி பாத்துகினு இருந்தீங்க ஐயா" என்றாள். "நான் பின்னாடி கிரேடு மேல குந்திகினு இருந்தேன். நீங்க ஏறுனா சீட்டு எவ்ளோ எறங்குதுன்னு எனக்குத்தான் தெரியும்."

அவர் தலையை ஆட்டினார். தண்ணீர்ச் செம்பை அவள் கையிலிருந்து வாங்கி மாப்பிள்ளையிடம் கொடுத்து ஊற்றச் சொல்லிவிட்டு, பக்கத்து இலையில் அவளை உட்காரச் சொன்னார். டிப்போவில் ஒரு பஸ் வலதுபக்கம் திரும்பும்போது மட்டும் தானாக ஹாரன் அடித்த கதையை ஆரம்பித்தார். சாம்பார் வருவதற்குள் அவள் அவரிடம் நாலு கேள்வி கேட்டுவிட்டாள்.